ஊதா வெளிச்சத்தில் ஒரு மாருதி

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரிடமும் இப்போதெல்லாம் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்ஜினுக்குக் கீழே ஆயில் சொட்டினால் உடனே எதையும் கழற்றாதீர்கள், யாரையும் கழற்ற விடாதீர்கள். முதலில் ஒரு புற ஊதா டார்ச்சும், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் ஒரு சின்னக் குப்பியும் வாங்குங்கள். காருக்காக நான் வாங்கிய பொருள்களிலேயே இவ்வளவு ஆனந்தம் தந்தவை வேறில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மஞ்சள் கலந்த பச்சை ஒளியை இன்ஜின் மேல் பார்க்கும்போது மேனி சிலிர்க்கிறது.

என் கார் 1996 மாடல் மாருதி 800. உள்ளே இருப்பது எஃப்8பி இன்ஜின். மூன்று சிலிண்டர், 796 சிசி, கார்புரேட்டர், மொத்தமாக மூன்று லிட்டருக்கும் குறைவான ஆயில். பானட்டைத் திறந்தால் இன்ஜினைச் சுற்றிக் கையை விட இடம் இருக்கும், எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிளாஸ்டிக் மூடிகளால் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கும் இன்றைய கார்களில் அந்தச் சுகம் கிடைக்காது. வீட்டில் உட்கார்ந்து கசிவைத் தேடிப் பழக இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

சொட்டு விழுந்த இடம், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மூட்டின் அடிப்பக்கம். அங்கே நனைந்திருந்தால் எந்த மெக்கானிக்கும் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீலைத்தான். எனக்கும் அதுவே சொல்லப்பட்டது. "பின் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸை இறக்கணும். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் போட்டுருங்க." அனுபவத்திலிருந்து வரும் நியாயமான ஊகம்தான் அது. ஆனால் கியர்பாக்ஸை இறக்குவது பெரிய வேலை. இறக்கிய பிறகு சீல் நன்றாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் கூலியும் போச்சு, கசிவும் அப்படியே இருக்கும். அதனால்தான் முதலில் வீட்டிலேயே பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

ஆயில் விழுகிற இடம் வேறு, பிறக்கிற இடம் வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பிளாக்கின் விளிம்புகளிலும் போல்ட் தலைகளிலும் ஒட்டிக்கொண்டு நெடுந்தூரம் நகர்ந்து, கடைசியில் எங்கே தாழ்வான முனை இருக்கிறதோ அங்கிருந்துதான் சொட்டாக விழும். ஆகவே, நனைந்திருக்கும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, எது மிக முன்னால் இருக்கிறதோ, அதுதான் நாம் தேடும் இடம். எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போய்ப் புற்றைக் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும்.

பின்தொடர வேண்டுமானால் முதலில் இன்ஜின் சுத்தமாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கார்களில் ஆயிலும் தூசியும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகப் படிந்திருக்கும். பல வருடக் கசிவு, ஆயில் ஊற்றும்போது சிந்தியது, முன்பு யாரோ சரிசெய்துவிட்ட பழைய கசிவு எல்லாம் அதில் கலந்திருக்கும். அதைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் இறுக மூடினேன். பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்துத் தேய்த்தேன். பிறகு ஷாம்பு தண்ணீர், அதன் பிறகு பழைய துணி. சூடான இன்ஜின் மேல் மண்ணெண்ணெயைக் கொண்டுபோகவே கூடாது, தீப்பிடிக்கும். கறுப்பு விலக விலக உள்ளேயிருந்து அலுமினியம் வெள்ளையாகத் தலைகாட்டியது. என்ன அழகு! வார்ப்பில் பதிந்த எண்கள்கூடப் படிக்கத் தெரிந்தன. கசிவைத் தேடும் எண்ணம் இல்லாதவர்கள்கூட இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது அட்டை. பிரிட்ஜ் வாங்கியபோது வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து இரவில் காருக்கு அடியில் விரித்துவிட வேண்டும். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துக்கொண்டால், காலையில் எந்தப் பக்கம் சொட்டியிருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். என்ன சொட்டியிருக்கிறது என்பதும் தெரியும். பழுப்போ கறுப்போ நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் கியர் ஆயில். பச்சையோ சிவப்போ நிறத்தில் லேசாக இனிப்பு மணம் அடித்தால் கூலன்ட். சக்கரத்தின் பக்கம் வெளிர் மஞ்சளாக நீர்த்த திரவம் தெரிந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்த நிலையில் வண்டியை எடுக்காதீர்கள், மற்றதெல்லாம் பிறகு. என் அட்டையில் இருந்தது இன்ஜின் ஆயில்தான். கந்தக நெடி துளியும் இல்லை என்பதால் கியர்பாக்ஸின் சீலைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

இனி சாயத்துக்கு வருகிறேன். இன்ஜின் ஆயிலுக்கென்றே எண்ணெயில் கரையும் சாயம் விற்கிறார்கள். ஏசி வாயுவுக்கான சாயம் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். எத்தனை லிட்டர் ஆயிலுக்கு எவ்வளவு என்று குப்பியிலேயே போட்டிருக்கும். 800-க்குக் கொஞ்சம் போதும். அளவாக ஊற்றி, ஊற்றும்போது மூடியின் வாயில் ஒரு துளி சிந்தினாலும் துடைத்துவிட வேண்டும். விரலில் ஒட்டியதும் அப்படித்தான். இல்லாவிட்டால் இரவில் நம் கைரேகையே கசிவு மாதிரி ஒளிரும். டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே அதிகம் வரும், ஒளிரும் சாயம் அதில் மங்கிப்போகும். மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் தெளிவு. டார்ச்சை யார் கண்ணிலும் நேராக அடிக்கக் கூடாது. (சோதித்துப் பார்க்க சமையலறை மஞ்சள்தூள் மேல் அடித்துப் பாருங்கள். அதுவும் பளிச்சென்று ஒளிரும். வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று பொழுது போவதே தெரியாது.)

சாயம் ஆயிலோடு கலந்து சூடேறி எல்லா இடத்துக்கும் போக வேண்டும். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை போய்த் திரும்பினேன். இருட்டியதும் போர்ட்டிகோ விளக்கை அணைத்தேன், பானட்டைத் திறந்தேன், டார்ச்சை அழுத்தினேன்.

அடடா! கியர்பாக்ஸின் மேல்பாகத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கோடு. கீழே மூட்டில் அது அகன்று படர்ந்திருந்தது. டார்ச்சை மெல்ல மேலே நகர்த்தினேன். கோடு ஒடுங்கிக்கொண்டே போனது. ஒரு போல்ட் தலையைச் சுற்றி வளைந்து, சிலிண்டர் ஹெட்டின் ஓரமாக ஏறி, டிஸ்ட்ரிபியூட்டர் உட்கார்ந்திருக்கும் அடிப்பாகத்தில் மெல்லிய பிறைபோல நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒளி இல்லை. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் கியர்பாக்ஸ் பக்கத்தில், ஹெட்டின் முனையில் இருக்கிறது. கேம் ஷாஃப்ட்தான் அதைச் சுற்றுகிறது, அதனால் அங்கே ஆயிலும் உண்டு. அதை அடைத்து நிற்பது ஒரு ரப்பர் ஓ-ரிங். வருடக்கணக்கான சூட்டில் ரப்பர் விறைத்துத் தட்டையாகிவிட்டால் ஆயில் வெளியே வரும். வந்தது நேராகக் கியர்பாக்ஸ் மேல் விழுந்து வழிந்து, பின் சீல் போன வண்டியில் எங்கே நனையுமோ சரியாக அங்கேயே போய்ச் சேரும்.

அத்தோடு விட மனம் வரவில்லை. பின் சீல் உண்மையிலேயே நன்றாக இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். மறுநாள் காரை ஸ்டாண்டில் ஏற்றி, கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் உள்ள இடுக்கு வழியாக டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன். பின் சீல் கசிந்தால் ஆயில் அந்தக் கூட்டுக்குள்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒரு பொட்டு ஒளிகூட இல்லை. ஃபிளைவீல் பக்கம் வறண்டு கிடந்தது. கியர்பாக்ஸை இறக்கத் தேவையே இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்!

காருக்கு அடியில் போவது பற்றி ஒரு வார்த்தை. வெறும் ஜாக்கியை நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். கனமான இரும்பு ஸ்டாண்டு, சமதரை, பின் சக்கரத்துக்கு முட்டு, இவை மூன்றும் இருந்தால் மட்டும் படுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். லுங்கி, துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

டார்ச் இன்னொன்றையும் காட்டியது. டேப்பட் கவரின் ஒரு மூலையில் ஊசிமுனை அளவு ஒளி. அதற்காக நட்டைப் பலங்கொண்ட மட்டும் திருகினால் பேக்கிங் பிதுங்கிக் கசிவு பெரிதாகும். மெல்ல, மாற்றி மாற்றி, அளவாக இறுக்கினேன், நின்றுவிட்டது. ஆயில் பிரஷர் சுவிட்சின் ஒயரையும் கழற்றிப் பார்த்தேன். பழைய வண்டிகளில் அந்தச் சின்ன சுவிட்சின் நடுவழியாக ஆயில் ஊறி ஒயர் மூடிக்குள் தேங்குவது சகஜம். என்னுடையது உலர்ந்திருந்தது.

பேக்கிங்கும் சீலும் நன்றாக இருந்தும் கசியும் வண்டிகள் உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற பிரீதர் பைப் வழிவிட வேண்டும். பைப் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் தள்ளும். இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் அம்பாசடர். பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வம்சத்தில் வந்த அந்த இன்ஜினில் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. திருகுபோல வெட்டிய மரை ஒன்று, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். எவ்வளவு நேர்த்தியான யோசனை! ஆனால் பிரீதர் அடைத்துவிட்டால் அந்த மரையால் சமாளிக்க முடியாது. அம்பாசடர் வைத்திருப்பவர்கள் சொட்டைப் பார்த்ததும் முதலில் பிரீதரைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது. நானும் என் 800-ன் பைப்பைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், வழி நன்றாக இருந்தது.

ஓ-ரிங்கை ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். பழையதைக் கையோடு கொண்டுபோனால் கடைக்காரர் விட்டமும் தடிமனும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுத்துவிடுவார். விட்டான் ரப்பரில் கிடைத்தால் அதையே கேளுங்கள், சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட அதிகச் சூடு தாங்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கும் முன் அதன் உடல் நிற்கும் கோணத்தையும் உள்ளே ரோட்டர் காட்டும் திசையையும் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பல் சாய்வாக வெட்டிய கியர் என்பதால் தூக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்ப வைக்கும்போது குறி சேராவிட்டால் டைமிங் போய்விடும். வேலை முடிந்ததும் டைமிங் லைட்டால் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். புது ரிங்கில் லேசாக ஆயில் தடவி உட்கார வைத்தேன், அவ்வளவுதான். இங்கே அனபாண்ட் என்ற கசிவடைக்கும் பசையைப் பூசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தேவைப்படும் இடத்தில் மெல்லிய கோடாகப் போட்டால் அருமையாக வேலை செய்யும். அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து, சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும்.

சின்னச் சொட்டுதானே என்று விடுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. இன்ஜின் ஓடும்போது பத்து விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 360 சொட்டு, அதாவது 18 மில்லி. நகருக்குள் சராசரி 30 கி.மீ. வேகத்தில் 1,000 கி.மீ. ஓட்ட 33 மணி நேரம் ஆகும். கிட்டத்தட்ட 600 மில்லி போயிருக்கும். மூன்று லிட்டர்கூட இல்லாத இன்ஜினில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். டிப் ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்க்காதவர்கள் பிரஷர் லைட் எரியும்போதுதான் விழிப்பார்கள், அதற்குள் பேரிங் தேய்ந்திருக்கும்.

ரிங் மாற்றிய பிறகு பழைய சாயத்தை நன்றாகக் கழுவிவிட்டு, மறுபடி அதே முட்டுக்காடு, அதே இருட்டு, அதே டார்ச். கியர்பாக்ஸ் முழுக்கக் கறுப்பு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் ஒன்றுமே இல்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது. உண்மையில் எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன். அவரிடம் பழைய ஜென் ஒன்று இருக்கிறது. "தம்பி, அந்த டார்ச்சைக் கொஞ்சம் என் வண்டி மேலயும் அடிச்சுப் பாரு" என்று அப்போதே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம், அடுத்த ஆயில் மாற்றும்வரை அது உள்ளேயே இருந்து காவல் காக்கும் என்பது. எப்போது வேண்டுமானாலும் டார்ச்சை அடித்துப் பார்த்துக்கொள்ளலாம். போன வாரம் அப்படிப் பார்த்தபோது டைமிங் பெல்ட் மூடியின் அடியில் லேசான பச்சை தெரிந்தது. கிராங்கின் முன் சீல் அல்லது கேம் சீல், இரண்டில் ஒன்று ஊறத் தொடங்கியிருக்கிறது. ஆயில் பட்டால் டைமிங் பெல்ட் சீக்கிரம் கெடும், பெல்ட் மாற்றும் காலமும் நெருங்கிவிட்டது. மூடியைக் கழற்றியதும் முதலில் டார்ச் அடித்து எது என்று பார்த்துக்கொண்டு, பெல்டோடு இரண்டு சீலையும் சேர்த்தே மாற்றிவிடப் போகிறேன். ஜி.பி. ரோட்டில் சொல்லி வைத்தாயிற்று.