கோட்டுக்கும் ஆசான் வேண்டுமா?

ஓவியம் கற்க வேண்டும் என்னும் வேட்கை ஒன்றையே கையிருப்பாகக் கொண்டு, 1959-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். திருச்சி மாவட்டத்துக் கீராம்பூர் அவருடைய ஊர்; பிறந்த ஆண்டு 1938. முறையான பயிற்சி எதையும் பெறுமுன்னரே அவர் கை கோடுகளோடு பழகிவிட்டிருந்தது. சென்னையில் சிற்பி எஸ். தனபாலைக் கண்டார். அவர் வழிகாட்ட, அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்; 1966-இல் பட்டயம் பெற்று வெளிவந்தார். பிற்காலத்தில் கே. எம். ஆதிமூலம் என்று தமிழுலகம் அறிந்த ஓவியர் அவரே. 2008 ஜனவரியில் மறைந்தார்.

இவ்வரலாற்றில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம் ஒன்றுண்டு. ஏற்கெனவே வரையத் தெரிந்த ஒருவர், வரையக் கற்றுக்கொள்வதற்காக ஏன் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும்? மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பாருண்டோ என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் கேள்வி அத்துடன் தீர்வதாக இல்லை. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையிலுள்ள நம் மேல்பட்டாம்பாக்கத்திலேயே அக்கேள்வியை நாம் செவியுற்றோம். பாடக் குறிப்பேட்டின் ஓரமெல்லாம் மாட்டு வண்டியும் பள்ளிவாசல் மினாராவுமாக நிரப்பி வைக்கும் ஒரு மாணவனின் தந்தை நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பையன் தானாகவே நன்றாக வரைகிறான். அதற்கு எதற்கு நாலு வருஷப் படிப்பு?"

நியாயமான கேள்வி. கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நுண்கலைப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள். உத்தியோகம் கிடைக்கும் என்று சிலர் விடை சொல்வார்கள். பெயர் வரும் என்று வேறு சிலர் சொல்வார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வரலாம், வராமலும் போகலாம். இவ்விரண்டும் கலையைக் கற்பதற்கான காரணங்களே அல்ல என்பது நம் துணிபு.

இதற்கு மறுப்பாக மக்பூல் ஃபிதா ஹுசைனின் பெயரை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1915-இல் பண்டர்பூரில் பிறந்தவர். கலைப்பள்ளியில் அவர் கழித்த காலம் சொற்பமே. பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். தாமே கற்றவர் என்றே உலகம் அவரைக் கொண்டாடுகிறது. அவருடைய இறுதிக் காலத்து வழக்குகளும், 2011-இல் இலண்டனில் முடிந்த அயல்வாசமும் இங்கு நமக்குப் பொருளல்ல. ஆனால் 'தாமே கற்றவர்' என்னும் சொல்லைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும். இளம் பருவத்தில் பரோடாவில் ஒரு மதரஸாவில் தங்கியிருந்தபோது அவர் அரபு எழுத்துக்கலையில் பயின்றார். சாரத்தின் மீது நின்று, தம் உருவத்தைப் போலப் பன்மடங்கு பெரிய முகங்களைத் தீட்டியபோது, தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதைப் பலகையே அவருக்குக் கற்பித்தது. 1947-இல் சூசா, ரசா முதலியோரோடு பம்பாய் முற்போக்குக் கலைஞர் குழுவில் சேர்ந்து, ஒருவர் படத்தை மற்றவர் கண்டித்தும் மெச்சியும் வளர்ந்தார். ஆக, அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லாமலில்லை. அது ஒரே கட்டடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஹுசைனைக் காட்டி மகனை வீட்டிலிருத்தும் தந்தை, அவருக்குக் கிட்டிய மதரஸாவையும் சாரத்தையும் சகாக்களையும் அம்மகனுக்குத் தேடித் தருவாரா?

நிற்க. நாம் ஓதிய துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் வாசகர்களுக்கு விஷயம் இன்னும் விளங்கும். அரபு எழுத்துக்களை எழுதத் தெரிந்தவர் அனைவரும் கத்து என்னும் எழுத்துக்கலை அறிந்தவரல்லர். அப்பாசியர் காலத்தில் மூன்று முறை வஸீராக இருந்து, கி.பி. 940-இல் சிறையில் இறந்த இப்னு முக்லா, எழுத்துக்கு ஓர் அளவு கண்டவர். வெட்டிய கலத்தின் முனையைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருக்கு அளவுகோல். இத்தனை புள்ளி உயரம் என்று அலிஃபை நிறுத்தி, அந்த அலிஃபையே விட்டமாகக் கொண்ட வட்டத்தால் ஏனைய எழுத்துக்களின் வளைவை ஒழுங்குபடுத்தினார். அரசியல் பகையில் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. அதன் பிறகும் கலத்தைக் கையோடு கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கின்றனர். வேட்கை என்றால் அது வேட்கை.

அவருக்கு அடுத்த பெரும்பெயர் இப்னுல் பவ்வாப். வாயிற்காவலர் மகன் என்பதே அப்பெயரின் பொருள். வீடுகளுக்குச் சித்திரம் தீட்டிக்கொண்டிருந்தவர் அவர். நம் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதுவோரை நினைத்துக்கொள்ளுங்கள். தூரிகை பழகிய அந்தக் கை, இப்னு முக்லாவின் வழிவந்த ஆசான்களிடம் போய் அமர்ந்து அலிஃபிலிருந்து மறுபடியும் தொடங்கியது. ஹிஜ்ரி 391-இல் அவர் எழுதிய குர்ஆன் பிரதி இன்றும் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. தீட்டத் தெரிந்தவர் ஏன் கற்கப் போனார்? தம் கை எதை விரும்புகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும் என்பதை உணர்ந்ததனால்தான் என்று நாம் கருதுகிறோம். ஆசானில்லாக் கைக்கு வருகிற பெருங்கேடு பிழை அன்று, பழக்கம். பிழையைத் தானே கண்டுகொள்ளலாம். பழக்கத்தைக் காண இன்னொருவர் கண் வேண்டும். உஸ்தாத் சிவப்பு மையால் நம் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்து, 'இங்கே அரைப்புள்ளி மிகுந்தது' என்று காட்டும்வரை அது நமக்கு அழகாகவே தெரியும். உதுமானியர் மரபில் இஜாஸா பெறாத மாணவர் தம் எழுத்தின் கீழ்த் தம் பெயரை இடுவதற்கில்லை என்பதும் இதனால்தான் போலும்.

இந்தக் கண்ணோடு ஆதிமூலத்தின் கோட்டோவியங்களைப் பார்க்கிறோம். அவர் கற்ற காலத்தில் சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராயிருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். 1850-இல் ஹண்டர் என்னும் ஆங்கில மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, நெடுங்காலம் கண்டதைக் கண்டவாறே வரையும் மேனாட்டு முறையைப் போதித்து வந்தது. பணிக்கரும் தனபாலும் கோட்டுக்கு முதலிடம் தந்து, நம் நாட்டுச் சிற்பங்களையும் நாட்டார் வடிவங்களையும் உற்றுப் பார்க்க மாணவரைத் தூண்டினர். 1963-லிருந்து பணிக்கர் எழுத்தும் குறியீடுமாகவே படங்கள் தீட்டலானார். படிக்க முடியாத எழுத்து அது, ஆனால் பார்க்கத் தெவிட்டாதது.

அங்கிருந்து வெளிவந்து நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிய ஆதிமூலம், 1969-இல் காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி அவரை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். அவற்றுள் சிலவற்றில் கோடுகள் சிக்குண்ட நூற்கண்டு போல் அடர்ந்து முகத்தின் நிழலாகின்றன. வேறு சிலவற்றில் எண்ணி விடத்தக்க கோடுகளே உள்ளன. எஞ்சிய உடலை வெள்ளைத் தாளே நிரப்பிக்கொள்கிறது. தானே வரையும் சிறுவன் காந்தியை வரைந்தால் மூக்குக் கண்ணாடியிலிருந்து தொடங்குவான். கண்ணாடி சரியாக வந்துவிட்டால் படம் முடிந்தது என்று மகிழ்வான். எதை வரையாமல் விடலாம் என்னும் அறிவு அத்தனை எளிதில் வருவதில்லை. அதுவே அவர் சென்னையில் ஈட்டியது என்போம். வேட்கை கோட்டைப் போடச் சொல்லும். கல்வி கையை எடுக்கச் சொல்லும்.

மன்னர்களை அவர் வரைந்த வரிசை நமக்கு இன்னும் உவப்பானது. தலைப்பாகையும் அணிகலனும் மிடுக்கும் எல்லாம் இருக்கின்றன; ஆனால் உள்ளே இருக்கும் ஆள் கறையான் அரித்த மரம் போல் உதிர்ந்துகொண்டிருக்கிறார். ஆட்சியின் வீழ்ச்சியைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுவோர் அந்த மையின் முன் நாணமுறலாம். எண்பதுகளில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அவர் வரைந்த கிராமத்து முகங்களும் அத்தகையனவே. கதைக்குத் துணை நிற்கும் படங்களாக அவை அடங்கிவிடவில்லை; கரிசல் மண்ணின் வெடிப்பே முகச் சுருக்கமாக வந்து நின்றது. அவருடைய பிற்கால வண்ணத் திரைகளைப் பெரிதாகப் போற்றுவோர் பலர். நிலமும் நீரும் ஒளியும் வண்ணப் பட்டைகளாக அமைந்த அப்படங்களில் அமைதி உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் கறுப்பு மையில் அவரிடம் இருந்த கூர்மை அவற்றில் சற்று மழுங்கிவிட்டதாகவே நமக்குப் படுகிறது. வண்ணம் தாராளமாக மன்னிக்கும், கோடு மன்னிப்பதில்லை.

முகங்களைப் பற்றி இவ்வளவு பேசிய பின், நம் குடும்பங்களில் எழும் தயக்கத்தைத் தொடாமல் செல்வது முறையன்று. உயிருள்ளவற்றின் உருவம் வரைதல் பற்றிய ஹதீஸ்களையும் அவற்றின் மீது உலமாக்கள் நிகழ்த்திய நீண்ட ஆய்வுகளையும் நாம் அறியாதவரல்லோம். அதில் தீர்ப்பளிக்க ஓர் இலக்கியக் கட்டுரை இடமாகாது. ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு நிகழ்ச்சியைப் பெற்றோர் மறந்துவிடுவதால் நினைவூட்டுகிறோம். உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். அவர்கள் கடுமையான எச்சரிக்கையைச் சொன்னார்கள். வந்தவர் நடுங்கிப் போனார். பின்னர், செய்தே தீர வேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு வழிகாட்டினார்கள். அந்த மனிதரின் கைத்திறனை அவர்கள் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கு ஒரு திசை காட்டினார்கள். நம்மில் சிலரோ மகன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். திசை காட்டுவது யார்?

அந்தத் தந்தையிடம் இதையெல்லாம் நாம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் அவன் என்னதான் வரைவது?" என்றார். ஆதிமூலம் எழுதிய தமிழ் எழுத்துக்களைப் பற்றி அவருக்குச் சொன்னோம். நூல்களின் அட்டைகளுக்கும் சிற்றிதழ்களின் தலைப்புகளுக்கும் அவர் தம் கையால் எழுத்துக்களை வடித்தார். அதற்கு முன் அட்டைத் தலைப்பு என்றால் நிழலும் வளைவும் பூவேலையுமாக ஒரே அலங்காரம். அவர் தூரிகை நகைகளையெல்லாம் கழற்றிவிட்டு, எழுத்தின் எலும்பை நிமிர்த்தியது. தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் அக்கோடுகளில், கலத்தைச் சாய்த்து வெட்டி எழுதும் நம் காத்திபுகளின் கைவாகு நமக்குத் தென்படுகிறது. அவர் அரபு எழுத்துக்கலை பயின்றார் என்று இதற்குப் பொருளல்ல, கோட்டுக்கு உண்மையாயிருப்போர் எங்கோ ஓரிடத்தில் சந்திக்கின்றனர்.

அரபுத்தமிழ்க் கிதாபுகளைக் கையிலெடுத்துப் பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் அருகிவிட்டது. கல்லச்சில் வந்த அந்நூல்களில், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தோடு புள்ளி சேர்த்துப் புது வடிவங்கள் ஆக்கியிருக்கிறார்கள். 'ட'வுக்கும் 'ண'வுக்கும் 'ள'வுக்கும் வரிசை குலையாமல் இடம் கண்டுபிடிக்க ஒரு காத்திபு எத்தனை முறை எழுதி அழித்திருப்பார்! பையனை அழைத்து வரச் சொல்லி, அத்தகைய கிதாபு ஒன்றை அவன் முன் விரித்து வைத்தோம். மாட்டு வண்டியை மறந்து அரை நாழிகை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அந்தப் புள்ளி ஏன் எழுத்துக்கு நேர் கீழே இல்லாமல் சற்றே விலகி இருக்கிறது என்று கேட்டான்.