திரும்ப அனுப்பிய தந்தை

மதுர் பண்டார்க்கர் இயக்கி 2008-இல் வெளிவந்த 'ஃபேஷன்' என்னும் இந்தித் திரைப்படம், பெற்றோரின் மறுப்பை மீறிச் சண்டிகரிலிருந்து மும்பைக்குச் சென்று விளம்பர அழகியாகும் மேக்னாவின் கதை. பிரியங்கா சோப்ராவுக்குத் தேசிய விருது பெற்றுத் தந்த வேடம் அது.

புகழின் உச்சியிலிருந்து சரிந்து அவள் வீடு திரும்புகிறாள். வீட்டை மீறிய பெண்ணுக்கு வீழ்ச்சியே கூலி என்ற பழைய தடத்தில் படம் நடப்பது நமக்கு உடன்பாடன்று. ஆயினும், திரும்பி வந்த பிள்ளையைத் தழுவிக்கொள்ளும் தந்தையரையே அறிந்த நமக்கு, மனம் தேறிய மகளை அதே மேடைக்கு மீண்டும் அனுப்பிவைக்கும் இத்தந்தை புதியவர். படத்தின் சிகரம் அவரே.

முதன்முறை அவள் புறப்பட்டபோதே அவ்வாழ்த்து உடன் சென்றிருந்தால், தடுமாறிய நாள்களில் வீட்டின் நினைவு அவளுக்கு ஊன்றுகோலாகியிருக்குமன்றோ? படம் கேளாத இக்கேள்வியை மகளைப் பெற்றோர் கேட்டுக்கொள்வது நன்று.