டிக்கெட் கிழிக்கும் கடற்படை அதிகாரி: ‘சகுரா டைசென்’ மேடையேறிய கதை

வீடியோ கேமை மேடை நாடகமாக்க முடியாது என்று நான் ரொம்ப நாளாக வாதாடிக்கொண்டிருந்தேன். அதுவும் ரோல்பிளேயிங் கேம் என்றால் சான்ஸே இல்லை. காரணம் எளிமையானது. நாவலில் நாயகன் என்ன செய்வான் என்பதை ஆசிரியர் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார். கேமில் நான்தான் முடிவு பண்ணுகிறேன். மேடைக்குப் போகும்போது கதை வரும், உடைகள் வரும், பாட்டு வரும். நான் மட்டும் வரமாட்டேன். என்னைக் கழித்த பிறகு மிஞ்சுவது என்ன? இன்புட்டே வாங்காத புரோகிராம்.

இந்த வாதத்தில் பாதி தப்பு என்று எனக்குக் காட்டியது ‘சகுரா டைசென்’. கேமை முதலில் ஆடினேன், மேடை நிகழ்ச்சிகளை அப்புறம் டிவிடியில் பார்த்தேன். ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்கு வேலை பார்த்த வருஷங்களில் ஒட்டிக்கொண்ட அரைகுறை ஜப்பானியம் இதற்காவது உதவியது. எந்த இடத்தில் தப்பு பண்ணினேன் என்பதைத்தான் இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் கேம். 1996 செப்டம்பரில் சேகா சாட்டர்ன் கருவிக்கு வந்தது. மூலக்கருத்து ஹிரோய் ஓஜி, இசை தனகா கோஹெய். காலம் 1923, இடம் டோக்கியோ. ஆனால் நாம் வரலாற்றில் படிக்கிற டோக்கியோ அல்ல. நீராவியில் இயங்கும் ஒரு மாற்று நகரம். ஜப்பானியர்கள் அந்தக் காலகட்டத்தை ‘தைஷோ’ என்பார்கள். கேமில் அந்தப் பெயரின் முதல் எழுத்தில் ஒரு சின்னப் புள்ளியைக் கூடுதலாக வைத்துவிட்டார்கள். உச்சரிப்பு அதேதான், உலகம் வேறு.

இதே மாதிரி இன்னொரு சிலேடையும் உண்டு. 1914-இல் முதல் நிகழ்ச்சி நடத்திய தகராசுகா, முழுக்கப் பெண்களே நடிக்கும் புகழ்பெற்ற இசைநாடகக் குழு. அதன் பெயரில் வரும் ‘ககேகிதான்’ என்றால் இசைநாடகக் குழு. கேமில் அதே ஒலிக்கு வேறு எழுத்துகளைப் போட்டு, பூ என்றும் தாக்குதல் என்றும் பொருள் வரவைத்துவிட்டார்கள். மொத்தக் கதையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. கின்சாவில் இருக்கும் பேரரசு நாடக அரங்கில் பகலில் நடிக்கும் பெண்கள், நகரத்தை அரக்கர்கள் தாக்கும்போது நீராவிக் கவச இயந்திரங்களில் ஏறிப் போரிடுவார்கள்.

நாம் ஆடுவது ஓகாமி இச்சிரோவாக. கடற்படைப் பயிற்சியை முடித்த இளம் அதிகாரி. ரகசியப் படைக்குத் தலைமை தாங்கப் போகிறோம் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு வருகிறான். வந்ததும் கிடைக்கிற வேலை, அரங்க வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பது. நான் முதலில் இதை ஒரு நல்ல ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். பிற்பாடுதான் தெரிந்தது, பின்னால் வந்த மேடைத் தொடர் முழுவதற்கும் சாவி அந்த வாசலில்தான் இருக்கிறது.

கேமின் இயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதி உரையாடல், பாதி கட்டம் கட்டமாக நகரும் போர். உரையாடலில் பதில்களைத் தேர்ந்தெடுக்க நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பதில் சொல்லாமல் விட்டால் மௌனமும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படும். நீங்கள் சொன்னது அந்தப் பெண்ணுக்குப் பிடித்ததா இல்லையா என்று ஒரு சின்ன ஒலி காட்டிக்கொடுக்கும். அந்த நம்பிக்கை கூடினால் போரில் அவள் வலிமையும் கூடும். அதாவது நாடக அரங்கின் உணவறையில் நீங்கள் பேசிய ஒரு வாக்கியம், மூன்று மணி நேரம் கழித்துப் போர்க்களத்தில் எண்ணாக மாறி நிற்கும். என்னைப் போன்ற ஆட்களுக்கு இதைவிட அழகான டிசைன் வேறு வேண்டாம்.

இதை எப்படி மேடையில் வைப்பது? நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன பண்ணியிருப்பேன் என்று எனக்கே தெரியும். கேமின் கதையை எடுத்து, கிளைகளை வெட்டி, ஒரே நேர்கோடாக்கி, ஓகாமியை நடுவில் நிறுத்தியிருப்பேன். அதாவது போர்ட் பண்ணியிருப்பேன்.

அவர்கள் அதைச் செய்யவில்லை. 1997 கோடையில் ‘காயோ ஷோ’, அதாவது பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில் தொடங்கினார்கள். முதல் நாடகம் ‘ஆய் யுவேனி’, ‘அன்பின் பொருட்டு’ என்று சொல்லலாம். கேமுக்குள்ளேயே இந்தப் பெண்கள் போடுகிற நாடகம் அது. அடுத்தடுத்த கோடைகளில் வந்தவற்றைப் பாருங்கள். 1999-இல் ‘சிவப்புப் பல்லி’, எதோகாவா ராம்போவின் ‘கறுப்புப் பல்லி’யை நினைவுபடுத்தும் பெயர். 2001-இல் இஸுமி கியோகாவின் ‘கடல்தேவன் மாளிகை’. 2002-இல் பாகினின் எட்டு நாய் வீரர் கதை. 2003-இல் ‘புதையல் தீவு’. 2004-இல் ‘மேற்கு நோக்கிய பயணம்’. 2005-இல் மேட்டர்லிங்கின் ‘நீலப் பறவை’. 2006 ஆகஸ்டில் ஆவோயாமா அரங்கில் முதல் நாடகத்தையே புதுப்பித்து நிறைவு செய்தார்கள். மொத்தம் பத்துக் கோடைகள்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கேமின் கதை எங்கே? இல்லை. அவர்கள் கதையைத் தழுவவில்லை, நாடகக் குழுவைத் தழுவினார்கள். ‘புதையல் தீவை’ நடிப்பது டோக்கியோவின் நடிகைகள் அல்ல, சகுராவும் மரியாவும் கன்னாவும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ரசிகர், 2003-இல் நாடகம் பார்க்க வந்தவர் இல்லை. புள்ளி வைத்த அந்தத் தைஷோ நகரத்தில் டிக்கெட் வாங்கி வந்த ஒரு குடிமகன். முதல் பாதியில் பெரும்பாலும் அரங்கத்தின் திரைமறைவுக் கலாட்டாவும் பாட்டும், பின்பாதியில் நாடகம். கேமில் நாம் நடந்து திரிந்த அதே கட்டடத்தின் உள்வாழ்க்கை.

இப்போது என் பழைய கேள்விக்கு வருகிறேன். விளையாடுகிறவன் எங்கே போனான்? அவன் எங்கும் போகவில்லை, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். கேமில் அவன் வேலையே வாசலில் நின்று இந்தப் பெண்களைப் பார்ப்பது, அவர்களுக்குத் தைரியம் சொல்வது, அவர்களை நம்புவது. அந்த வேலையை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் ரசிகர் கூட்டம். கபுகி அரங்குகளில் நடிகரின் பெயரை உரக்கச் சொல்லி உற்சாகப்படுத்தும் பழக்கம் உண்டு. இங்கே கூட்டம் கூவியது பாத்திரங்களின் பெயரை. சொன்னது பிடித்ததா இல்லையா என்று காட்டும் அந்தச் சின்ன ஒலி ஞாபகம் இருக்கிறதா? மேடையில் அது திசை மாறிவிட்டது. இப்போது ஒலி கூட்டத்திடமிருந்து மேடைக்குப் போகிறது.

ஓகாமிக்குக் குரல் கொடுத்தவரும் சில நிகழ்ச்சிகளில் மேடை ஏறியிருக்கிறார். ஆனால் தொடர் அவர் தோளில் நிற்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக வைத்ததுதான் இந்தத் தழுவலின் புத்திசாலித்தனம்.

அடுத்தது உடல். கேமில் குரல் கொடுத்த அதே நடிகைகள்தான் மேடையிலும் வந்தார்கள். சகுராவாக யோகோயாமா சிசா. கன்னாவாக தனகா மயூமி; ‘ஒன் பீஸ்’ பார்க்கிறவர்களுக்கு லூஃபியின் குரல் என்றால் உடனே தெரியும். குரல் நடிப்பின் பெரிய வசதி, உடல் தெரியாது. ஐரிஸ் சுமார் பத்து வயதுச் சிறுமி, கையில் எப்போதும் கரடி பொம்மை. மைக் முன்னால் யார் வேண்டுமானாலும் பத்து வயதாகலாம். மேடையில் வளர்ந்த ஒரு பெண், சுருள்முடியும் பாவாடையுமாக, கரடி பொம்மையோடு வந்து நிற்கிறார். முதல் ஐந்து நிமிடம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அப்புறம் அந்தக் குரல் வந்தது. நாற்பது மணி நேரம் காதில் கேட்ட குரல். கண் சொல்வதைக் காது ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் காதுதான் ஜெயித்தது. அசலைப் போலவே இருப்பதால் ஜெயிக்கவில்லை. ஐரிஸை முதன்முதலில் உண்டாக்கிய மூச்சு அந்த உடம்பிலிருந்துதான் வந்தது என்பதால் ஜெயித்தது.

இதற்கு நேரெதிரான வழியில் போன ஒரு தொடரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘பெர்சோனா 3’, 2006-இல் வந்த ரோல்பிளேயிங் கேம். இதை 2014 முதல் 2017 வரை ஐந்து பாகங்களாக இசைநாடகம் ஆக்கினார்கள். இங்கே கதைதான் முக்கியம். ஒரு பள்ளி ஆண்டு நாட்காட்டியில் நகர்ந்து, தவிர்க்க முடியாத ஒரு முடிவை நோக்கிப் போகும் கதை. நாயகன் பேசாதவன், பெயரை நாம்தான் வைப்போம். 2009-இல் வந்த கையடக்கப் பதிப்பில் பெண் நாயகியாகவும் ஆடலாம் என்று ஆனது.

மேடையில் என்ன பண்ணினார்கள் தெரியுமா? இரண்டையுமே வைத்துக்கொண்டார்கள். ஆண் நாயகன் வரும் காட்சிகள் தனி, பெண் நாயகி வரும் காட்சிகள் தனி. எந்தக் காட்சிக்கு டிக்கெட் எடுக்கிறோமோ அந்தக் கிளைதான் நமக்கு. நேர்மையான தீர்வு. கேமின் முதல் திரையில் நாம் செய்யும் தேர்வை டிக்கெட் கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள். பேசாதவர்களைப் பாட வைத்தார்கள். பெயரில்லாதவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். பெண் நாயகிக்கு வைத்த ‘ஷியோமி கொத்தோனே’ என்ற பெயரால்தான் ரசிகர்கள் இன்றைக்கும் அவளை அழைக்கிறார்கள். தழுவல் அசலுக்கே பெயர் சூட்டிவிட்டது.

ஆனாலும் ஒரு இழப்பு இருக்கிறது. பேசாத நாயகனுக்கு ஒரு நல்ல பாடகர் கிடைத்ததும் அவன் இன்னொருவன் ஆகிவிடுகிறான். நான் அவனைப் பார்க்கிறேன், ரசிக்கிறேன். ஆனால் முடிவில் அவன் கொடுக்கிற விலை, கேமில் நான் கொடுத்த விலை. மேடையில் அதை அவன் கொடுக்க, நான் கைதட்டிவிட்டு வருகிறேன். என் பழைய வாதத்தில் மிஞ்சிய சரியான பாதி இதுதான்.

அதற்காகக் காயோ ஷோவில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நீளம் அதிகம். முதல் பாதி நகைச்சுவை பல இடங்களில் இழுவை. மேடைக்கென்றே உருவாக்கிய டாண்டி கும்பல் என்ற ரவுடிகள் இருக்கிறார்கள். முதல் தடவை சிரிப்பு வரும். ஆறாவது தடவை கை தானாக ரிமோட்டுக்குப் போகும். கேமை ஆடாமல் வந்து உட்காருகிறவருக்குப் பாதி ஜோக் புரியாது. போர் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது; நம்பிக்கை வலிமையாக மாறும் அந்த அழகான கணக்கும் கூடவே போய்விட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தத் தொடரை வேறு யாரும் ஓட்ட முடியாது. தகராசுகாவில் ஒரே பாத்திரத்தைத் தலைமுறை தலைமுறையாக வேறு வேறு நடிகைகள் ஏற்கிறார்கள். 2003-இல் தொடங்கிய ‘டென்னிஸ் இளவரசன்’ இசைநாடகத் தொடரில் நடிகர்கள் அணி அணியாக வெளியேற, புது அணி வருகிறது. ஜப்பானில் இன்று 2.5 பரிமாண நாடகம் என்று அழைக்கப்படும் துறையே இந்த முறையில்தான் தழைக்கிறது. பாத்திரம் ஒரு இன்டர்ஃபேஸ், நடிகர் அதன் இம்ப்ளிமென்டேஷன், மாற்றிக்கொள்ளலாம். காயோ ஷோவில் அந்தப் பிரிவே கிடையாது. சகுரா என்றால் யோகோயாமா சிசா. எங்கள் தொழிலில் இதை மோசமான கட்டமைப்பு என்போம். ஒரு ஆள் போனால் மொத்தமும் நின்றுவிடும்.

ஒரு ஆள் போகவும் செய்தார். சுமிரேயாக நடித்த தோமிஸாவா மிச்சியே விலகியபோது, வேறொருவருக்கு அந்தக் கிமோனோவை மாட்டிவிடவில்லை. 2002 ஜனவரியில் மேடையிலேயே சுமிரேயின் ஓய்வு விழாவை நடத்தினார்கள். கதைக்குள்ளும் அவள் படையிலிருந்து விலகினாள். நடிகை போனதால் பாத்திரமும் போனது. கேம், அனிமே, மேடை எல்லாவற்றிலும் அந்த இடம் காலியாகவே இருந்தது. கணினியில் இருக்கிற பாத்திரத்துக்கு வயதாகாது என்பதுதானே கேமின் சௌகரியம்? அதையே விட்டுக்கொடுத்தார்கள்.

2019 இறுதியில் ‘சகுரா டைசென்’ மறுபடி வந்தது, புதுப் பாத்திரங்களோடு. அதன் மேடை வடிவம் 2020-இல் அரங்கேறியது. இந்தத் தடவை குரல் நடிகைகள் வேறு, மேடை நடிகைகள் வேறு. கட்டமைப்பைச் சரிபண்ணிவிட்டார்கள் என்று சொல்லலாம். எனக்கென்னவோ அந்தப் பழைய மோசமான கட்டமைப்புதான் பிடித்திருக்கிறது. பத்து வருஷம் ஓடிவிட்டு, ஓட்டியவர்களோடு சேர்ந்து நின்றுபோகிற சாஃப்ட்வேரை நான் ஆபீஸில் ஒருநாளும் அனுமதிக்கமாட்டேன். ஆனால் மேடை என்பது அதுதானோ?

அந்தப் புதுக் கேமில் பேரரசு நாடக அரங்கம் நொடிந்துபோய்க் கிடக்கிறது. அதைக் கட்டிக்காக்க ஒரு நிர்வாகி இருக்கிறார். பழைய குழுவில் அங்கே மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். பெயர் கன்ஸாகி சுமிரே. குரல், தோமிஸாவா மிச்சியே.