ஸ்டைன்பெக்கின் இரண்டு வண்டிகள்

1960-ல் ஜான் ஸ்டைன்பெக் ஒரு டிரக்கின் முதுகில் சின்னஞ்சிறு வீடு ஏற்றி, ரோசினான்டே என்று பெயரிட்டு, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றினார். 1962-ல் வெளிவந்த 'டிராவல்ஸ் வித் சார்லி'யில் எனக்குப் பிடித்தது அவருடைய சலவை யந்திரம்: மூடி போட்ட குப்பை வாளியை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டு, துணி, தண்ணீர், சோப்பு போட்டுவிடுவார்; பாதையின் குலுக்கலே வெளுத்துவிடும். பல இரவுகள் அவர் வண்டியில் தூங்கவேயில்லை என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகையாளர் துருவிக் காட்டினார். நாவலாசிரியன் கை சும்மா இருக்குமா?

குறை வேறு. 1939-ல் வந்த 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலில் ஜோட் குடும்பம் பழைய ஹட்ஸன் காரை அறுத்து லாரியாக்கி, பாட்டன் முதல் பிள்ளைத்தாய்ச்சி வரை ஏறிக்கொண்டு பிழைப்புத் தேடிப் போகிறது. வழியில் ஒரு பேரிங் போனால் நம் வயிறு கலங்குகிறது. ரோசினான்டேயின் டயர் வெடித்தாலோ, நமக்குக் கவலையே இல்லை. அவருக்குத் திரும்ப வீடு இருக்கிறது.