பிரெஞ்சு வினைத்திரிபு அட்டவணை: பயனும் குறையும்

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவரின் கைக்கு முதலில் வந்து சேர்வது வினைத்திரிபு அட்டவணைதான். தன்மை, முன்னிலை, படர்க்கை, அவற்றின் பன்மை என ஆறு இடங்களுக்கும் உரிய வடிவங்களை வாய்ப்பாடு போல ஒப்பிப்பது வகுப்பறை வழக்கம். பிரான்சிலும் பள்ளிப் பிள்ளைகள் 'பெஷ்ரெல்' என்ற வினைத்திரிபுக் கையேட்டைப் புரட்டித்தான் ஐயம் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிட முடியாது.

இருத்தலைக் குறிக்கும் 'எத்ர்', உடைமையைக் குறிக்கும் 'அவுவார்', போதலுக்கு 'அலே', செய்தலுக்கு 'ஃபேர்' ஆகிய நான்கு வினைகளில் மனப்பாடம் முழுப் பலன் தருகிறது. இவற்றின் வடிவங்கள் பலவற்றை எந்த விதியாலும் ஊகிக்க இயலாது. படர்க்கைப் பன்மையில் சோன், ஓன், வோன், ஃபோன் என்று நான்கும் ஒரே ஈற்றில் முடிவதால் ஒப்பிக்கவும் எளிது. 'அவுவார்', 'எத்ர்' இரண்டும் இறந்தகாலத்துக்குத் துணைவினைகள். 'அலே' வினையுடன் மற்றொரு வினையின் மூல வடிவைச் சேர்த்தால் எதிர்காலம் கிடைக்கிறது. 1950களில் மொழியியலாளர் ழோர்ஜ் குகெனைம் குழுவினர் பேச்சை ஒலிப்பதிவு செய்து அடிப்படைச் சொற்பட்டியல் தயாரித்தபோதும் முதல் வரிசையில் நின்றவை 'எத்ர்', 'அவுவார்' வினைகளே.

சிக்கல் மற்ற வினைகளில் தொடங்குகிறது. பிரெஞ்சு வினைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு 'பார்லே' (பேசுதல்) வகையைச் சேர்ந்தவை. 'பார்லே'வுக்கு நிகழ்காலத்தில் எழுத்தில் ஐந்து வடிவங்கள். காதுக்கு மூன்றுதான்: பார்ல், பார்லோன், பார்லே. பேச்சில் 'நாம்' எனப் பொருள்படும் 'நூ' என்பதற்குப் பதிலாகப் படர்க்கை ஒருமை வடிவை ஏற்கும் 'ஓன்' என்ற எழுவாய் பெரிதும் வழங்குவதால் அந்த மூன்றும் இரண்டாகிவிடுகின்றன. அட்டவணையோ எல்லா வடிவங்களையும் சமமாகக் காட்டுகிறது. கண்ணால் படித்தவர் பன்மை ஈற்றின் ஒலிக்காத எழுத்துகளையும் உச்சரித்துவிடுகிறார். தமிழருக்கு இன்னொரு இடறலும் உண்டு. 'படிக்கிறேன்' என்றாலே 'நான்' விளங்கிவிடும் மொழியில் பழகியவர் பிரெஞ்சிலும் எழுவாயை விட்டுவிடுவார். ஈறு ஒலிக்காத அந்த மொழியில் யார் பேசுகிறார் என்பதை எழுவாய்தான் சொல்ல வேண்டும்.

வடிவத்தைக் காட்டும் அட்டவணை பயன்பாட்டைக் காட்டுவதில்லை. வயதையும் பசியையும் பிரெஞ்சில் 'அவுவார்' கொண்டே சொல்ல வேண்டும். இதை எந்தக் கட்டமும் சொல்லித் தராது. 'அவர்களிடம் உள்ளது' என்பதும் 'அவர்கள் இருக்கிறார்கள்' என்பதும் பிரெஞ்சில் ஒரு ஸகரம் அதிர்வதிலும் அதிராததிலும்தான் வேறுபடுகின்றன. தாளில் பளிச்சென்று தெரியும் இந்த வேறுபாடு செவிப் பயிற்சி இல்லாதவருக்குப் பிடிபடாது. அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்ட 'பஸே சேம்ப்ல்' என்ற இறந்தகாலமும் 'பெஷ்ரெல்' கையேட்டில் மற்ற காலங்களோடு சரிசமமாக வீற்றிருக்கிறது.

தொடக்க நிலையில் அந்த நான்கு வினைகளையும் ஒலிப்பதிவைக் கேட்டபடி முழுமையாக மனப்பாடம் செய்யலாம். 'பார்லே' வகைக்கு ஒரே ஒரு மாதிரி வினை போதும். மற்றவற்றை வாக்கியங்களில் பழகுவதே நல்லது. 'பஸே சேம்ப்ல்' நாவல் படிக்கும் நிலை வரும்வரை காத்திருக்கலாம்.