‘போதும்’: ஒரு சொல்லை ரசிப்பது எப்படி?

நாள் முழுக்க வாயில் புழங்கும் சொற்களை நாம் காது கொடுத்துக் கேட்பதில்லை. ‘போதும்’ அவற்றில் ஒன்று. விருதுநகர் மாவட்டத்தைச் சுற்றி வந்தாலே இந்தச் சொல்லின் சுவையும் அதன் உறவுகளும் பிடிபட்டுவிடும்.

பந்தியில் தொடங்குங்கள்

சாம்பார் வாளி வரும்போது சொல்லும் முதல் ‘போதும்’ மரியாதைக்கு. பரிமாறுபவர் அதைக் காதில் வாங்கமாட்டார். இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, “போதும்ண்ணே, போதும்” என்று இரட்டித்தால்தான் கரண்டி நகரும். அதே இரட்டிப்பு, “போதும் போதும்னு ஆயிருச்சு” என்று வந்தால் அலுப்பு. “இது போதும்யா” என்று இழுத்தால் மனநிறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘போதினேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சோறு போதும், பணம் போதும். ஆள் மட்டும் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கேளுங்கள்

திருப்பாவையின் முதல் பாசுரத்தில் ஆண்டாள் தோழியரை நீராடக் கூப்பிடும் சொல் ‘போதுமினோ’. அங்கே அதற்கு ‘வாருங்கள்’ என்று பொருள். பழந்தமிழில் போதுதல் என்றால் வருதல், செல்லுதல். மலையாளத்தில் ‘போரும்’ என்பதற்குக் கூட வருதல், போதுமானதாக இருத்தல் என இரண்டு பொருளும் இன்றைக்கும் உண்டு. வேண்டிய அளவுக்கு வந்து சேர்ந்துவிட்டதையே ‘போதும்’ என்கிறோம் என்று கொண்டால், மார்கழி விடியலில் கேட்கும் அந்தச் சொல் நம் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

சிவகாசியில் காதைத் தீட்டுங்கள்

வெயிலில் காயப்போட்ட சரக்கைத் தொட்டுப் பார்த்து, “காய்ச்சல் பத்தல” என்பார்கள். திரியில் நெருப்பு வைத்தால், “பத்திக்கிச்சு” என்பார்கள். இரண்டுக்கும் வேர் ‘பற்று’தான். நெருப்பு திரியைப் பிடிப்பதும், இருப்பது தேவையை எட்டிப் பிடிப்பதும் ஒரே வினை. எட்டாதது பற்றாக்குறை. மழை பத்தாத இந்தக் கரிசல் பூமியில் விவசாயம் கைகொடுக்கவில்லை. காய்ந்த வெயில் கைகொடுத்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் இங்கே வேரூன்ற அந்த வெயிலும் ஒரு காரணம். பின்னால் பட்டாசும் வந்தது.

ராஜபாளையத்தில் ஒரு வீட்டு வாசல்

தெலுங்கு பேசும் வீடுகளில் ‘சாலு’ என்றால் போதும். வேற்றுமொழிச் சொல் என்று கடந்துவிடாதீர்கள். ‘சால்’ என்ற வேர் தமிழிலும் உண்டு. நிறைதல் என்று பொருள். சால்பு, சான்றோர் எல்லாம் அதில் கிளைத்தவை. திருக்குறளின் 99ஆம் அதிகாரமான சான்றாண்மை, குணங்களால் நிறைந்தவர்களைப் பற்றியது. பாத்திரம் நிறைந்ததைச் சொல்லும் வேரிலிருந்தே மனிதர் நிறைந்ததைச் சொல்லவும் நமக்குச் சொல் கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் முறை

யாழ்ப்பாணத்தில் ‘காணும்’ என்றால் போதும். நெல்லை, குமரிப் பக்கம் ‘காணாது’ என்றால் போதாது. ஆக, வந்து சேர்வது, பற்றுவது, நிறைவது, கண்ணுக்குத் தெரிவது என்று நான்கு செயல்கள் ஒரே நிறைவைச் சொல்கின்றன. ஒரு வாரம் வீட்டிலும் கடையிலும் பஸ்ஸிலும் யார் எதைச் சொல்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். பாட்டி, தாத்தாவிடம் கேளுங்கள். அவர்கள் வாயில் ஐந்தாவதாக ஒரு சொல் வந்தால், யார், எந்த ஊர், எதைப் பற்றிப் பேசும்போது சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகராதிகள் அப்படித்தான் வளர்ந்தன.