கணினி விளையாட்டும் கடப்பிதழும்

நம் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் கூடினால், ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் முடிந்த கையோடு தவறாமல் எழுகின்ற பேச்சு ஒன்றுண்டு. கைப்பேசியும் வீடியோ விளையாட்டும் பிள்ளைகளைப் பாழாக்கிவிட்டன என்று ஒரு சாரார் முழங்குவர். காலத்தோடு ஒட்டி வாழவேண்டும், விளையாட்டால் மூளை கூர்மையடையும் என்று மறு சாரார் மறுப்பர். ஒட்டுக்கடை மேசையிலும் இதே வழக்குத்தான்; அங்கே தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். இரு சாராரிடத்தும் நான் காணும் குறை ஒன்றே. எந்த விளையாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை எவரும் சொல்வதில்லை. புத்தகம் நல்லதா கெட்டதா என்று ஒருவர் வழக்காடப் புகுந்தால் நாம் நகைப்போம். எந்தப் புத்தகம் என்று கேட்போம். விளையாட்டைப் பற்றி மட்டும் அக்கேள்வியைக் கேளாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பேசிவிட்டோம்.

அரசுகளும் இதற்கு விலக்கல்ல. பிலிப்பீன்ஸில் மார்க்கோஸ் ஆட்சி 1981-இல் வீடியோ விளையாட்டுப் பொறிகளை நாடு முழுவதும் தடைசெய்தது. கிரேக்க நாட்டில் 2002-இல் இயற்றிய சட்டமொன்று, சூதாட்டத்தை ஒழிக்கப் புறப்பட்டு, சூதுக்குத் தொடர்பில்லாத மின்னணு விளையாட்டுகளையும் பொதுவிடங்களிலிருந்து விரட்டியது. தென்கொரியா 2011-இல், பதினாறு வயது நிரம்பாதோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இயங்கலையில் ஆடலாகாது என விதித்து, 2022-இல் அவ்விதியைக் கைவிட்டது. அதே 2022-இல் நடப்புக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றிருக்கிறது என்பது உண்மையே. ஆயின் அது மருத்துவர் பேசவேண்டிய பொருள். சோறு அளவுக்கு மிஞ்சினால் நோய் என்பதற்காகச் சமையற்கலையை மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுகிறோமா?

விளையாட்டை இழிவாகக் கருதுவது நம் மரபுமன்று. உவகை பிறக்கும் இடங்கள் நான்கு எனக் கூறும் தொல்காப்பியர், செல்வத்தோடும் அறிவோடும் காதலோடும் விளையாட்டையும் சேர்த்தே வைத்தார். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர் எவரும் ஃபிரோபெலை மறந்திருக்கமாட்டார். 1837-இல் ஜெர்மனியில் அவர் தொடங்கி, 1840-இல் 'கிண்டர்கார்டன்' எனப் பெயர் சூட்டிய பள்ளியில் பந்தும் மரக்கட்டையுமே முதற் பாடநூல்கள்.

நிற்க. பொதுப்பேச்சை விடுத்து ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். 2013 ஆகஸ்டில் வெளிவந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்பது அதன் பெயர். 'ஆவணங்களைக் காட்டுங்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஆக்கியவர் லூகாஸ் போப் என்னும் அமெரிக்கர். பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றி, 2010-இல் அதைவிட்டு விலகி, ஜப்பானில் குடியேறியவர். இடையே சிங்கப்பூரிலும் சிறிது காலம் வாழ்ந்தவர். தென்கிழக்காசியப் பயணங்களில் குடிநுழைவு முகப்புகளைக் கடந்தபோது, கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருந்தவரின் வேலையைக் கவனித்ததிலிருந்து இதன் கரு தோன்றியதாம். ஆகவே நம் வட்டாரத்து வரிசைகளுக்கும் இப்படைப்பில் சிறிது பங்குண்டு.

கதை நிகழும் ஆண்டு 1982. நாடு, ஆர்ஸ்டாட்ஸ்கா என்னும் கற்பனை நாடு. அண்டை நாடான கொலேச்சியாவோடு நடந்த ஆறாண்டுப் போர் முடிந்து, கிரெஸ்டின் என்னும் நகரம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. 1967-இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தபின், அண்ணன் ஜொகூரிலும் தம்பி சிங்கப்பூரிலுமாக நின்ற குடும்பங்களை அறிந்த நமக்கு அந்நகரம் அவ்வளவு கற்பனையன்று. தொழிலாளர் குலுக்கலில் பெயர் விழுந்த ஒருவனுக்கு எல்லைச் சாவடியில் வேலை கிடைக்கிறது. அவனுக்குப் பெயர் தரப்படவில்லை. ஆடுகின்ற நாமே அவன்.

வேலை எளிதாகத் தொடங்குகிறது. முதல் நாளன்று சொந்த நாட்டாரை மட்டும் உள்ளே விடவேண்டும். அடுத்த நாள் வெளிநாட்டாரும் வரலாம். பிறகு நுழைவு அனுமதி, வேலை அனுமதி, தடுப்பூசிச் சான்று என்று ஒவ்வொரு காலையும் ஒரு புதிய விதி வந்து சேரும். சிறிய மேசையில் தாள்களைப் பரப்பி, பெயர், பிறந்த நாள், முத்திரை, முகம், எடை, காலாவதி ஆகியவற்றை ஒப்பிட்டுப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்தவேண்டும். சரியாக அனுப்பும் ஒவ்வோர் ஆளுக்கும் 5 காசு கூலி. மாலையில் வீட்டுக் கணக்கு வரும். மனைவி, மகன், மாமியார், மாமன் ஆகியோருக்கு உணவு வேண்டும். குளிருக்குக் கணப்பு வேண்டும். நோயுற்றால் மருந்து வேண்டும். கூலி போதாது. எதை விடுவது என்பதையும் நாமே குறிக்கவேண்டும்.

ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். தாள்கள் சரியாக இருக்கின்றன. அடுத்து வருபவள் தன் மனைவி, அவளிடம் பரிவு காட்டுங்கள் என்று வேண்டிக்கொண்டு போகிறான். அவளிடம் நுழைவு அனுமதி இல்லை. திருப்பியனுப்பினால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். பின்னால் வரிசை நீண்டு கிடக்கிறது, கடிகாரம் ஓடுகிறது.

படைப்பின் உயிர்நிலை இவ்விடத்தில் இருக்கிறது. நாளொன்றுக்கு முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கைச் சீட்டு மட்டுமே வரும். மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். காலையில் கவனக்குறைவால் இரண்டு தவறு செய்துவிட்டவன் மாலையில் வருபவளுக்கு இரங்கினால் மகனின் மருந்தில் கை வைக்கவேண்டும். ஆகவே கெட்டிக்காரராக ஆடுவோர் அவ்விரண்டு தவறுகளையும் சேமித்து வைக்கப் பழகிக்கொள்கின்றனர். மிகவும் இரங்கத்தக்கவர் வந்தால் கொடுக்கலாம் என்பது எண்ணம். இரக்கம் பங்கீட்டு அரிசிபோல நாளுக்கு இரண்டு என்றாகிவிடுகிறது! வரிசையில் முதலில் நின்று அழுதவரை, இதைவிடப் பெரிய துயரம் பின்னால் வரக்கூடும் என்று கணக்கிட்டு மறுத்துவிடுகிறோம். இப்படிச் செய் என்று விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. விதியும் கூலியும் சேர்ந்து நம்மைக் கொண்டு செய்விக்கின்றன. போதாததற்குக் காவலன் ஒருவன் வந்து, ஆட்களைத் திருப்பியனுப்புவதற்குப் பதிலாகக் கைது செய்தால் தனக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகையில் பங்கு தருவதாகக் காதைக் கடிக்கிறான். வாடகை உயர்ந்த நாளில் அந்தப் பேச்சு எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்பதை ஆடிப் பார்த்தவர் அறிவர்.

இதே நிகழ்ச்சியை ஒரு நாவலில் படித்திருந்தால் நாம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று கண்ணீர் விட்டு, அதிகாரியைத் தூற்றிவிட்டு உறங்கப் போயிருப்போம். இங்கே முத்திரை நம் கையில் இருக்கிறது. விளையாட்டு என்னும் வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடிய செயல் இது என்பது எனது துணிபு.

இந்நாட்டுத் தமிழருக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. நாம் நெடுங்காலம் முகப்பின் வெளிப்புறத்தில் நின்றவர்கள். 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பின், குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் வேலை அனுமதி பெறவேண்டியதாயிற்று. பிறந்த பிள்ளைகளையும் வளர்த்த கோழிகளையும் விட்டுக் கப்பலேறியோர் பலர். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியோரை இன்றும் காணலாம். ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவதற்காக 2011-இல் அரசு 'மைடாஃப்தார்' என்னும் இயக்கத்தை நடத்தவேண்டி வந்ததே குறை எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சான்று. முதலாம் ஆண்டுப் பதிவு வேளையில், குடிமகன் அல்லர் என்று குறிக்கப்பட்ட பிறப்புப் பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கும் தாயை அறியாத தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் இருக்கமாட்டார்.

அன்பர் சிலர் கேட்கக்கூடும்: 'நின்றவர்களின் கதையே இன்னும் சொல்லி முடியவில்லை, அதற்குள் அமர்ந்தவனின் கதை எதற்கு?' நியாயமான கேள்விதான். ஆயினும் நம் தோட்டத்துக் கதைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் கிராணி பெரும்பாலும் கொடியவர், அன்றேல் கோமாளி. செக்ரோல் புத்தகத்தில் பேர் போடுபவரும் அவர், அரைப்பேர் ஆக்குபவரும் அவர். துரைக்குக் கணக்குக் காட்டவேண்டிய கூலிக்காரரும் அவரே என்பதை நம் எழுத்தாளர்கள் அருகிச் சொன்னார்களே அன்றி, அந்த மேசைக்குப் பின்னால் நம்மை உட்காரவைத்துப் பார்க்கவில்லை. கொடுமை செய்தவன் கொடியவன் என்று முடித்துவிட்டால், நல்லவர் என்று நாம் மதிக்கும் ஒருவர் அதே நாற்காலியில் அமர்ந்து அதே சொல்லைச் சொல்லும்போது நமக்கு விளங்காமற் போகிறது. அந்த விளக்கத்தை இவ்விளையாட்டு தருகிறது. அதிகாரியை மன்னிக்கும்படி அது எங்கும் கேட்கவில்லை.

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. பிழை கண்டுபிடிப்பதில் ஓர் இன்பத்தை இது ஊட்டுகிறது என்பர். ஆம், ஊட்டுகிறது. கடப்பிதழில் ஊரின் பெயரை மாற்றி எழுதியிருப்பதைக் கண்டவுடன் உள்ளம் துள்ளுகிறது. சிவப்பு மையோடு கட்டுரை ஏடுகளைத் திருத்துகின்ற நமக்கு அந்தத் துள்ளல் புதிதா என்ன? அந்த இன்பம் இல்லாமல் சாவடிகள் நடைபெறமாட்டா. அதை மறைத்திருந்தால்தான் படைப்பு பொய்யாகியிருக்கும்.

குறைகளும் உள. முதலாவது, வரிசையில் நிற்போர் பேசுவது இரண்டு மூன்று வாக்கியங்களே. கண்ணீர் வருமுன் அடுத்தவர் வந்துவிடுகிறார். வேலையின் வேகத்தைக் காட்ட இது வேண்டும் என்றாலும், மனிதர் பலர் வெறும் தாள்களாகவே நின்றுவிடுகின்றனர். கோப்ராஸ்தான் என்னும் இல்லாத நாட்டின் பேரால் தானே கிறுக்கிய கடப்பிதழை நீட்டும் ஜோர்ஜி என்ற கிழவன் மட்டும் உயிரோடு நடமாடுகிறான். விரட்டினாலும் சிரித்துக்கொண்டே போய் மறுபடியும் வருகிறான். அவனைப்போல் இன்னும் மூவர் இருந்திருக்கலாம். இரண்டாவது, முக்காடிட்ட இரகசியக் கழகத்தார் வந்து புரட்சிக்கு ஆள் சேர்க்கத் தொடங்கியதும் கதை துப்பறியும் நாவலின் தரத்துக்கு இறங்குகிறது. கூலிக் கணக்கின் கூர்மை அந்தச் சதியில் இல்லை. மூன்றாவது, கிழக்கைரோப்பியச் சாயலில் அமைந்த நாடு என்பதால், மேலைநாட்டார் இதை யாரோ பிறருடைய கொடுமை என்று ஒதுக்கிவிட வழியிருக்கிறது. போப் கண்ட முகப்புகள் அங்கே மட்டும் இருந்தவையல்லவே!

வேடிக்கையான செய்தி ஒன்று. 2014-இல் ஐபேட் கருவிக்காக இவ்விளையாட்டு வெளிவந்தபோது, பயணிகளை ஊடுருவிப் படம்பிடிக்கும் கருவி காட்டும் ஆடையற்ற உருவங்களை ஆபாசம் என்று ஆப்பிள் நிறுவனம் முதலில் விலக்கச் சொன்னது. பின்னர்த் தவறான புரிதல் என்று கூறி அனுமதித்தது. சாவடியைப் பற்றிய படைப்பே ஒரு சாவடியில் சிவப்பு முத்திரை வாங்கி மீண்டிருக்கிறது. அவ்வுருவங்கள் கிளர்ச்சிக்காக வரையப்பட்டவையல்ல. மனிதரை அப்படிச் சோதிப்பதன் இழிவு புலப்படவேண்டும் என்பதற்காகவே இருக்கின்றன. வேண்டாதவர் மறைத்துக்கொள்ள விளையாட்டிலேயே ஏற்பாடு உண்டு.

ஆறாம் ஆண்டு மாணவரிடம் இதைக் கொடுக்கமாட்டேன். இடைநிலைப்பள்ளியின் மேல் வகுப்பாருக்குக் கொடுக்கலாம். பெற்றோர் அருகிலிருந்து ஆடினால் இன்னும் நன்று. சிவப்பு அட்டை வைத்திருந்த பாட்டி வீட்டிலிருந்தால் அவரையும் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளலாம். அவர் சொல்லக்கூடியவை விளையாட்டில் இல்லாதவை. இருபது முடிவுகள் இருக்கின்றன என்று பெருமையாகப் பேசப்படுகிறது. அத்தனையும் காணவேண்டியதில்லை, பல, எண்ணிக்கைக்காகச் சேர்த்தவை. போலிக் கடப்பிதழோடு தப்பியோடி, வேறொரு நாட்டு எல்லையில் வேறோர் அதிகாரியின் முன்னே அவன் நின்று, அவர் தாளைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு முடிவைமட்டும் தவறவிடாதீர்கள்.